சேதம் பார்க்க வந்தவருக்காகக் கழுவிய வீடு

எங்கள் பெண்கள் ஒன்றியம் இந்த வருட மலரில், வேலை செய்து ஓய்ந்த அம்மாமாரின் அனுபவங்களைப் போடுகிறதாம். போன் எடுத்த பிள்ளை, "மேரியம்மா, நீங்கள் துப்புரவு வேலை செய்த காலத்தைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. இளம் ஆக்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். ஊக்கமாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. துப்புரவு வேலை மட்டும் செய்தவளும் நான் இல்லை. அதை எங்கள் சனத்தில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சொல்லாததால் வந்த கேட்டைத்தான் எழுதப் போகிறேன். மலருக்கு இது வேண்டாம் என்றால் பிள்ளைகள் போடாமல் விடட்டும்.

மன்னாரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இங்கே வந்து முகாமில் இருந்தது, உணவகத்தில் பாத்திரம் கழுவியது, ஆஸ்பத்திரித் தரை துடைத்தது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அந்தக் கதை எல்லோர் வீட்டிலும் உண்டு. ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு சின்னக் கந்தோரை, அதாவது அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது.

அது ஹெர் லிண்டெமான் என்ற குட்டாஹ்டருடைய கந்தோர். குட்டாஹ்டர் என்றால் சேதத்தை ஆராய்ந்து மதிப்பறிக்கை எழுதுகிறவர். புயல் கூரையைப் பிடுங்கினால், தண்ணீர்க் குழாய் வெடித்தால், வீட்டுக்காரர் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிப்பார். கம்பனி தன் ஆளை அனுப்பிச் சேதத்தைப் பார்க்கும். கம்பனி ஆள் எழுதியது நியாயமில்லை என்று வீட்டுக்காரருக்குப் பட்டால், தன் செலவில் தனக்கென்று ஒரு குட்டாஹ்டரை அமர்த்தலாம். ஹெர் லிண்டெமான் அப்படி வீட்டுக்காரர் அமர்த்துகிற ஆள். கம்பனிகளிடம் அவர் ஒரு நாளும் வேலை எடுத்ததில்லை.

அவருடைய மேசை முழுக்க உடைந்த சாமான்கள் கிடக்கும். ஓட்டுத் துண்டு, துருப்பிடித்த ஆணி, கரிந்த வயர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. இரண்டு வருடம் அந்த மேசையைத் துடைத்தேன். ஒரு நாள் அவர் கதவடியில் நின்று சொன்னார்: "ஃபிராவ் மேரி, இந்த மேசையில் தூசி இல்லை. ஆனால் ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை. எப்படி?" தூக்கித் துடைத்து அதே இடத்தில் வைப்பேன், வேறென்ன? அடுத்த கிழமை அவருடன் போகிற உதவியாளர் வேலையை விட்டுப் போக, "என்னோடு வெளியே வருகிறீர்களா?" என்று கேட்டார். "யா" என்றேன், அதுவும் "ஓம்"தான். அன்றிலிருந்து பதினாலு வருடம், காலையில் கந்தோரைக் கூட்டி முடித்து, சேதமான வீடுகளுக்கு அவருடன் போனேன்.

அவர் வேலை செய்கிற விதத்தை வடிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். கால் மணி நேரம் கை வெளியே வராது. கண்ணால் மட்டும் பார்ப்பார். நானும் அப்படித்தான் நிற்க வேண்டும். கை வெளியே இருந்தால் அது எதையாவது நேராக்கும் என்பார். அதன் பிறகு நான் இலக்கத் தட்டுகளை எடுத்து ஒவ்வொரு சேதத்தின் பக்கத்திலும் வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். முதலாவது தூரத்திலிருந்து, கதவோ யன்னலோ தெரிய வேண்டும், அப்போதுதான் எந்த இடமென்று விளங்கும். இரண்டாவது கிட்ட, அளவு தெரிய நான் அடிமட்டத்தைப் பிடித்துக்கொள்ள. சுவரில் ஈரம் படர்ந்திருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து திகதி போடுவேன். நாலு நாள் கழித்துப் போய், கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

கூரை ஓட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். கம்பனி ஆட்கள் எப்போதும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: இது புயலில் உடைந்த ஓடு இல்லை, பழசாகி உடைந்தது. ஓட்டின் உடைந்த வாயைப் பார்த்தால் எது உண்மை என்று தெரியும். பழைய உடைவு கறுத்துப் பாசி ஏறியிருக்கும். புதிய உடைவு பச்சைச் சிவப்பாக, அறுத்த இறைச்சி மாதிரி இருக்கும். ஆனால் ஓடு எந்த இடத்தில் விழுந்து கிடந்தது என்ற படம் இல்லாவிட்டால் அந்தச் சிவப்பால் பிரயோசனம் இல்லை. அதனால் வீட்டுக்காரர் போன் எடுத்தவுடன் ஹெர் லிண்டெமான் சொல்கிற முதல் வசனம் இதுதான்: "மூடலாம், மாற்றக் கூடாது." மழை உள்ளே வராமல் தறப்பாள் போட்டு மூடு. அதற்கு முன் படம் எடு. மற்றபடி ஒரு துரும்பையும் அசைக்காதே.

வீட்டுக்காரர் அழுதால் அவர் ஆறுதல் சொல்ல மாட்டார். யன்னல் பக்கம் திரும்பி நிற்பார், அழுது முடியும் வரைக்கும். தேத்தண்ணி கொடுத்தால் வாங்க மாட்டார். தேநீர் குடித்தால் அந்த வீட்டின் சேதம் கூடிவிடும் என்று என்னிடம் காதோடு சொல்வார். அது பகிடியா உண்மையா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் காருக்குள், "ஃபிராவ் மேரி, என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பார். நான் சொல்வேன். என் அரைகுறை ஜெர்மனில் நிறுத்தாமல் சொல்வேன். வீட்டிலோ கோயிலிலோ நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், அந்தக் காருக்குள் மட்டும் வாயாடி.

ஒரு தடவை ஒரு கிழவனின் மாட்டுத் தொழுவக் கூரை. கம்பனி ஆள் ஓட்டை எடுத்துக் காட்டி, "பாருங்கள், பாசி. பழைய உடைவு" என்றார். பாசி ஓட்டின் முதுகில்தான் இருந்தது, உடைந்த வாயில் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டை அவர் கையிலிருந்து வாங்கி, வாயை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனையை எடுத்துத் தான் எழுதியதை வெட்டினார். ஹெர் லிண்டெமான் காரில் சிரித்தபடியே வந்தார். வாய் திறக்காமலே காரியம் நடக்கும் என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். அதுதான் பிழை.

இனி ரஜனியின் வீட்டுக்கு வருகிறேன்.

ரஜனியும் புருஷன் சீலனும் எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள். அவளுக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை, அவனுக்கு ஒரு களஞ்சியத்தில். இருபது வருடம் இரண்டு பேரும் உழைத்து, ஹாம் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினார்கள். ஒரு மாரியில், புதன்கிழமை, பெரும் புயல் அடித்து முகட்டு ஓடுகளையும் மேற்குப் பக்கத்து ஓடுகளில் பாதியையும் கொண்டுபோனது. வியாழன் முழுக்க மழை. மேல்மாடி அறை இரண்டும் ஊறிப்போயின. சீலன் கம்பனிக்கு அறிவித்தான். செவ்வாய்க்கிழமை ஆள் வருவதாக நாள் குறித்து டெர்மின் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை எங்கள் வட்சப் குழுவில் யோகன் செய்தி போட்டார். யோகன் எங்கள் சனத்தில் எந்த நன்மை தின்மைக்கும் முன்னுக்கு நிற்கிறவர். "ரஜனி வீட்டுக்கு எல்லாரும் தும்புத்தடி, வாளியோட வாங்கோ." நாற்பது பேர் போனோம். எங்கள் சனத்தின் குணம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு நா வராது.

நான் போய் இறங்கியபோது முற்றத்தில் ஓடுகள் விழுந்தபடி கிடந்தன. என்னை அறியாமல் இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் போய்விட்டன. ரஜனி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை காப்புறுதி ஆள் வாறார். வீடு கிடக்கிற கிடையைப் பாருங்கோ. இந்தக் கோலத்தில கண்டா எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? ஊத்தைச் சனம் எண்டெல்லே நினைப்பார்!"

"ரஜனி... இதெல்லாம் கொஞ்சம் அப்படியே கிடக்கட்டுமே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். யோகனின் காதில் விழுந்துவிட்டது.

"கேட்டியளே! மேரியக்கா வந்த உடனேயே களைச்சுப் போனா! டோர்ட்மண்டில பாதியைக் கூட்டினவ, இண்டைக்கு ஏலாதாம். பிள்ளையள், அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோ!"

"சீனி கூடப் போடுங்கோ, அப்பதான் எஞ்சின் இழுக்கும்" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டு வசனம்: "இது என்ர வேலை. எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். சொன்னால், "ஓஹோ, அக்கா இஞ்சினியரோ?" என்று யோகன் கேட்பார், இன்னொரு சிரிப்பு எழும்பும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். குனிந்து முன்னால் கிடந்த ஓட்டை எடுத்தேன். வாய் பச்சைச் சிவப்பு. வாளிக்குள் போட்டேன். முதல் வாளியை நிரப்பியது நான்.

இரண்டு நாளில் முற்றம் துப்புரவாகி, ஓடு எல்லாம் குப்பைக் கொள்கலனுக்குள் போய், மேல்மாடியின் ஊறிய பலகையைப் பிடுங்கி எறிந்து, புதுச் சுவர்த்தாள் ஒட்டி முடித்தார்கள். யோகனுக்குத் தெரிந்த ஒரு பொடியன் கூரைக்குப் புது ஓடும் போட்டுக் கொடுத்தான். எல்லோரும் தும்புத்தடிகளோடு வரிசையாக நின்று படம் எடுத்தோம். துப்புரவாக்கிய பின் எடுத்த படங்கள் நூற்றுக்கு மேல். முன்னால் எடுத்தது ஒன்றும் இல்லை.

கம்பனி ஆள் செவ்வாய்க்கிழமை வந்தார். ரஜனி ரோல்ஸ் பொரித்து, நல்ல கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். வீடு மிகவும் சுத்தமாக இருக்கிறது என்று அவர் பாராட்டினாராம். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. புயலால் ஏற்பட்ட சேதம் எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. வசந்தம் வர, புதுச் சுவர்த்தாளுக்குள் பூட்டி வைத்த ஈரம் கறுப்புப் பூஞ்சணமாக வெளியே வந்தது. வீட்டுக்கு வங்கிக் கடன் இருக்கிறது, மேல்மாடியில் படுக்க ஏலாது, திருத்தக் கையில் ஒன்றும் இல்லை.

ரஜனி என்னைத் தேடி வந்தாள். "அக்கா, நீங்கள் கூட்டுற கந்தோர்க்காரர் கம்பனியளோட மல்லுக்கட்டுறவராமே. எங்களுக்கு ஒரு டெர்மின் எடுத்துத் தாங்கோ." எடுத்துக் கொடுத்தேன்.

ஹெர் லிண்டெமான் ஒரு ஆளின் வேலையை ஏற்குமுன் மூன்று விஷயம் சொல்வார். ஒன்று, வென்றாலும் தோற்றாலும் என் கூலி உங்களுடையது. இரண்டு, கண்டதை மட்டும்தான் எழுதுவேன். மூன்று, நீங்கள் மாற்றியது, எறிந்தது எல்லாவற்றையும் இப்போதே சொல்லுங்கள். மற்றப் பக்கத்து ஆளின் வாயிலிருந்து நான் கேட்டால் அதன் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. சீலனுக்கு அன்று வேலை. ரஜனியின் ஜெர்மன் போதாது. நான்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"யார் துப்புரவாக்கியது?" என்று கேட்டார்.

"எங்கட சனம்தான் அக்கா. நாற்பது பேர்" என்றாள் ரஜனி.

"நண்பர்கள், நாற்பது பேர்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த நாற்பது பேரில், இந்த விஷயம் தெரிந்த ஆள் யாராவது இருந்தாரா?"

நான் ரஜனியைப் பார்த்துக் கேட்டேன். "இந்த அலுவல் தெரிஞ்ச ஆள் ஆரும் அதுக்குள்ள இருந்தவையோ எண்டு கேக்கிறார்."

"எங்கட சனத்தில ஆருக்கு அக்கா இது தெரியும்?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் "நைன்" என்றேன். இல்லை. ரஜனி சொன்னதைத்தானே சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்ட கேள்விக்கு அந்த அறையில் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். வழக்கம் போல நானும் கூடப் போனேன், மொழிபெயர்க்க வந்தேன் என்றே ரஜனி நினைத்தாள். கூரை மரத்தில் காற்று கிழித்த புதிய தழும்புகளைக் கண்டுபிடித்தார். அதை விடப் பெரிய விஷயம், பக்கத்து வீட்டுக் கிழவரின் வேலிக்குப் பின்னால், செடிகளுக்கு நடுவே நாலு ஓடுகள் கிடந்தன. கிழவர் தோட்டத்துப் பக்கம் போகிற ஆள் இல்லை. ஓட்டின் வாய் மழையில் கொஞ்சம் மங்கியிருந்தாலும் சிவப்புத்தான், பாசி இல்லை. ஹெர் லிண்டெமான் கையைப் பைக்குள் வைத்தபடி அந்த நாலையும் சுற்றிச் சுற்றி நடந்தார். "இது போதும், ஃபிராவ் மேரி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மூச்சு வந்தது. இனி என் பிழை ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு பக்க நிபுணர்களும் சேர்ந்து பார்க்கிற நாள் வந்தது. இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால், முன்னமே தெரிவு செய்து வைத்த மூன்றாம் ஆள் முடிவு சொல்வார். அதுதான் முறை. கம்பனிப் பக்கம் வந்தவள் ஒரு கெட்டிக்காரப் பொம்பிளை. மரத்துத் தழும்பைப் பார்த்தாள், வேலிக்குப் பின்னால் ஓட்டைப் பார்த்தாள், முட்டுக்காலில் இருந்து படம் எடுத்தாள். "ம்... இது புதிய உடைவுதான்" என்றாள். ஹெர் லிண்டெமான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்ணில் அந்த மாட்டுத் தொழுவத்துச் சிரிப்பு.

அந்த நேரம் ரஜனி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவளுக்கும் விளங்கியிருந்தது. வந்த பொம்பிளைக்கு நன்றியாக நாலு வார்த்தை சொல்ல விரும்பினாள். தட்டை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் பெருமையாகச் சொன்னாள்: "எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். இந்த அக்காவும் வந்தார். இரண்டு நாள்! எல்லாம் சுத்தம் செய்தார். மிக நல்லவர்!"

கம்பனிப் பொம்பிளை கோப்பையைத் தொடவில்லை. "இவரா? உங்கள் உதவியாளரா?" என்று ஹெர் லிண்டெமானைக் கேட்டாள். "எங்கள் ஆள் வந்து பார்க்குமுன் இங்கே இருந்தாரா?"

ஹெர் லிண்டெமான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "ஃபிராவ் மேரி, உண்மையா?"

"யா."

அவள் எழுதினாள். பிறகு, கோபம் இல்லாத குரலில் சொன்னாள்: "அப்படியானால் வேலிக்குப் பின்னால் அந்த நாலு ஓடும் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியாது. எந்த ஓடு தேவைப்படும் என்று தெரிந்த ஒருவர் இரண்டு நாள் இங்கே நின்றிருக்கிறார்."

ரஜனி என் தோளைப் பிடித்தபடியே சிரித்துக்கொண்டு நின்றாள். "என்னவாம் அக்கா? ரோல்சும் கொண்டுவரட்டோ?"

மூன்றாம் ஆளும் அந்த நாலு ஓடுகளையும் கணக்கில் எடுக்க முடியாது என்றே எழுதினார். மரத்துத் தழும்பு மட்டும் போதாது. ரஜனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறு வருடம் வீட்டை விற்று, டோர்ட்மண்டில் நாலாம் மாடியில் வாடகைக்குப் போனார்கள்.

அன்று திரும்பி வரும்போது ஹெர் லிண்டெமான் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கமென் சந்தி தாண்டி, நகரத்துக்குள் வந்து, கந்தோர் வாசலில் காரை நிறுத்தினார். முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "அன்றைக்கு என் கேள்வியை அந்தப் பெண்ணிடம் சரியாகக் கேட்டீர்களா?" என்றார்.

"யா."

"நான் அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை."

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஓய்வு பெறும் வரை இரண்டு வருடம் அந்தக் கந்தோரைக் கூட்டினேன், துடைத்தேன், யன்னல் கழுவினேன். வெளியே போக ஒரு இளம் பெண்ணை எடுத்துக்கொண்டார். மேசையில் சீட்டு வைத்த ஓடுகளைத் தூக்கித் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். கடைசி நாள் பூச்செண்டு தந்து கை கொடுத்தார். "இத்தனை வருடம் சுத்தமாக வைத்திருந்ததற்கு நன்றி, ஃபிராவ் மேரி." பதினாலு வருடம் நான் அடிமட்டம் பிடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

ரஜனிக்கு இன்று வரை ஒன்றும் தெரியாது. அந்தக் கம்பனிப் பொம்பிளை தங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் மறுத்தாள் என்று அவள் நம்புகிறாள். என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், நான் "ஓம்" என்றிருக்கிறேன். பூசை முடிந்து வாசலில் புது ஆட்களைக் கண்டால் என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவாள். "இந்த அக்காதான், எங்கட வீடு புயலில அடிபட்ட நேரம் ரெண்டு நாள் நிண்டு துப்புரவாக்கித் தந்தவ. சொந்தச் சகோதரம்கூடச் செய்யாது." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் வெட்கப்படுகிறேன் என்று ரஜனி சிரிப்பாள்.

இந்த மலரைக் கோயில் வாசலில் நின்று விற்பவளும் ரஜனிதான். வருடா வருடம் முதல் ஆளாக முழுவதையும் வாசித்துவிட்டு, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்வாள்.

ரஜனி, அன்றைக்குக் கந்தோரில் அந்த மனுஷன் கேட்டதற்கு நான் இல்லை என்று சொன்னேன். ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்த ஆள் ஒருத்தி இருந்தாள். நீ பிடித்துக்கொண்டு நின்ற தோள் அவளுடையதுதான்.